தினமும் தண்ணீர் ஊற்றியும் துளசி வாடுகிறதா?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் சிமென்ட் துளசி மாடம். விடியற்காலை குளித்துவிட்டு வரும் பாட்டி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். எட்டு மணிக்குப் பூஜையை முடித்த மருமகள் இன்னொரு சொம்பு. பத்து மணிக்கு வாசல் பெருக்க வரும் அக்கா, "ஐயோ, செடி வாடிக் கிடக்கே" என்று பக்கெட்டில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறார். சாயந்திரம் விளக்கேற்றும்போது பாட்டிக்கு மனசு கேட்காமல் மறுபடியும் அரைச் சொம்பு.

கொஞ்ச நாளில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கின்றன. அப்புறம் செடியே பட்டுப்போகிறது. "துளசி பட்டா வீட்டுக்கு ஆகாதே" என்று பாட்டி கலங்குகிறார். "எனக்குக் கைராசியே கிடையாது, நான் வெச்ச எதுவும் தழைக்காது" என்று மருமகள் மனசுக்குள் புழுங்குகிறார். புதுச் செடி வாங்கி வைக்கிறார்கள். அதற்கும் நாளுக்கு மூன்றரைச் சொம்பு.

அந்த வீட்டில் யாரும் செடியைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு கவனித்ததில்தான் அது போய்ச் சேர்ந்தது. தொட்டிச் செடிகள் வீட்டில் சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தண்ணீர் அதிகமாவது. இதில் ராசிக்கும் தோஷத்துக்கும் வேலையே இல்லை.

வேரும் மூச்சு விடும்

செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் வேருக்குக் காற்றும் வேண்டும் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை. நல்ல மண்ணில் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். அவற்றில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. வேர் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. எல்லா இடைவெளியையும் தண்ணீரே அடைத்துக்கொண்டால், ஆக்சிஜன் உள்ளே வர வழியில்லை. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. வேர் மூச்சுத் திணறிச் சோர்ந்துபோகும். ஈரத்தில் செழிக்கும் பூஞ்சைகள் சோர்ந்த வேரைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் வேர் அழுகல்.

அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால், சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே மேலே இலை தொங்கிப்போகும். பார்ப்பவர்களுக்கு அது தாகம் போலத் தெரியும். இன்னும் ஊற்றுவார்கள். வாசல் பெருக்கும் அக்கா செய்தது இதைத்தான். அவர் மேல் தப்பில்லை, வாடிய செடியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் கை நீளும்.

"நெல் தண்ணீரிலேயேதானே நிற்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெல்லுக்கும் தாமரைக்கும் தண்டிலிருந்து வேர்வரை காற்று இறங்குவதற்கு உள்ளேயே குழல் போன்ற வழிகள் இருக்கின்றன. துளசிக்கும் ரோஜாவுக்கும் அந்த வசதி கிடையாது.

தாகத்தால் வாடியதா, தண்ணீர் மிஞ்சி வாடியதா என்று கண்டுபிடிக்க மண்ணைத் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தாகமாக இருந்தால் மண் காய்ந்திருக்கும், இலை மெலிந்து, ஓரம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும். தண்ணீர் மிஞ்சியிருந்தால் மண் சொதசொதவென்று இருக்கும், அடி இலைகள் மஞ்சளாகி மெத்தென்று உதிரும், தொட்டி கனக்கும், முகர்ந்தால் சாக்கடை வாடை லேசாக அடிக்கும். மண்ணைக் கிளறினால் சின்னச் சின்னக் கொசு மாதிரிப் பூச்சிகள் எழும்பும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குப் பூசணி, கத்தரி இலைகளெல்லாம் துவண்டு கிடக்கும். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை வழியே நீர் ஆவியாகிறது, அவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்தால் வெயில் தாழ்ந்ததும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். அதைப் பார்த்துப் பதறி மதியமே குடம் தூக்க வேண்டாம். சாயந்திரமும் தொங்கியே இருந்தால், அல்லது காலையிலேயே வாடியிருந்தால், அப்போது கவலைப்படலாம்.

விரல்தான் கருவி

"வாரத்துக்கு எத்தனை தடவை ஊற்றணும்?" நர்சரியில் செடி வாங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கடைக்காரரும் ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால், அதே செம்பருத்தி மண் தொட்டியில் மொட்டை மாடியில் இருந்தால் ஒரு கணக்கு, பிளாஸ்டிக் தொட்டியில் பால்கனி நிழலில் இருந்தால் வேறு கணக்கு. சித்திரையில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று. நாள்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் ஏதாவது ஒரு மாதத்தில் தப்பாகும்.

அதற்குப் பதில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். சுமார் 5 சென்டிமீட்டர். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றலாம். நகத்தில் மண் படுவது பிடிக்காதவர்கள் ஒரு ஈர்க்குச்சியையோ ஐஸ்கிரீம் குச்சியையோ குத்தி எடுத்துப் பார்க்கலாம். இட்லி வெந்ததா என்று குத்திப் பார்க்கிற அதே வித்தைதான். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது, சுத்தமாக வந்தால் இல்லை.

சின்னத் தொட்டி என்றால் தூக்கிப் பார்ப்பதே போதும். நன்றாகத் தண்ணீர் ஊற்றியவுடன் ஒரு தடவை தூக்குங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி தூக்குங்கள். ஒரு வாரத்தில் கைக்குக் கணக்கு பிடிபட்டுவிடும். அப்புறம் தொட்டியை லேசாகச் சாய்த்தாலே தெரிந்துவிடும். கைராசிக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களைக் கவனித்துப் பாருங்கள், செடிப் பக்கம் போகும்போதெல்லாம் மண்ணை ஒரு தடவை தொடாமல் வரமாட்டார்கள்.

ஊற்றுவது என்று முடிவான பிறகு கஞ்சத்தனம் கூடாது. தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை ஊற்ற வேண்டும். தினமும் மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் மேல் மண் மட்டும் நனையும், வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் வெயில் கூடினால் முதலில் சுருண்டு விழுவது அந்தச் செடிதான்.

ஒரே மூச்சில் கவிழ்க்காமல் இரண்டு தவணையாக ஊற்றுவது நல்லது. முதலில் கொஞ்சம் ஊற்றி மண்ணை நனைய விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். காரணம் இருக்கிறது. அதிகம் காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும். அப்போது ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேராக அடிக்கு ஓடிவிடும். 'அடியில் வந்துவிட்டதே, போதும்' என்று நாம் நினைப்போம். நடு மண் எலும்பு மாதிரிக் காய்ந்தே இருக்கும். அப்படி ஆகிவிட்ட தொட்டியை ஒரு பக்கெட் தண்ணீருக்குள் விளிம்புவரை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுத்து, வடியவிட வேண்டும்.

ஓட்டை இருக்கிறதா?

இதெல்லாம் அடியில் ஓட்டை இருந்தால்தான். பல துளசி மாடங்களில் ஓட்டையே இருப்பதில்லை. இருந்ததும் பொங்கலுக்குச் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடிக்கும்போது அடைபட்டுப் போயிருக்கும். பரிசாக வரும் பீங்கான் ஜாடிகளின் கதையும் இதுதான். பார்க்க அழகு, செடிக்குக் கிணறு.

ஓட்டை இல்லாத தொட்டியில் அடியில் ஜல்லியைப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆகாது. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய ஜல்லிக்குள் சட்டென்று இறங்காது, மண் முழுக்க ஊறிய பிறகுதான் இறங்கும். ஜல்லிக்கு மேலேயே ஈரம் தங்கி நிற்கும், வேருக்கு இருந்த இடமும் குறைந்துபோகும். ஓட்டை வழியே மண் ஒழுகாமல் இருக்க ஒரே ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். மாடத்தில் ஓட்டை போட முடியாவிட்டால், ஓட்டையுள்ள சின்ன மண் தொட்டியில் துளசியை நட்டு, அதை மாடத்துக்குள் ஒரு செங்கல் மேல் இறக்கி வைத்துவிடலாம். கும்பிடுபவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

எதில் வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். மண் தொட்டி தன் சுவர் வழியாகவும் ஈரத்தை ஆவியாக்கும். பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். பிளாஸ்டிக்கிலும் பீங்கானிலும் அது நடக்காது. அதனால், ஒரே அளவு செடிக்கு மண் தொட்டியில் இன்று தண்ணீர் தேவைப்பட்டால், பிளாஸ்டிக்கில் நாளைக்கோ மறுநாளோ போதுமானதாக இருக்கும்.

மாடித் தோட்டக்காரர்கள் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் காய்கறி போடுகிறார்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித் தோட்டத் தொகுப்பிலும் இதுதான் வந்தது. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளிறிவிடும். மேலே பார்த்து 'காய்ந்துவிட்டது' என்று தினமும் ஊற்றி, கீழே கஞ்சி போல ஊற வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இங்கே விரல் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, மே மாதம் மொட்டை மாடியில் காய்த்து நிற்கும் பெரிய தக்காளிச் செடிக்கு ஒரு வேளை போதாமல் காலையும் மாலையும் ஊற்ற வேண்டி வரலாம். கீழே சுடும் தளமும் சுற்றி அடிக்கும் காற்றும் சேர்ந்து ஈரத்தை இழுத்துவிடும்.

காற்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆடி மாதம் வானம் மூடியிருக்கிறது என்று சும்மா இருந்தால், ஆடிக் காற்று தொட்டியைக் காயவைத்துவிட்டுப் போயிருக்கும். மழையையும் அப்படியே நம்ப முடியாது. அடர்ந்த செடி தனக்குத் தானே குடை பிடித்துக்கொள்ளும், சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு ஒரு சொட்டும் விழுந்திருக்காது. மழை பெய்த மறுநாளும் விரல் வைத்தே பார்க்க வேண்டும்.

யாருக்கு எவ்வளவு?

கற்றாழை, அடீனியம், ஸ்நேக் பிளான்ட் மாதிரியானவை இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்பவை. இவற்றுக்கு மண் முழுவதும் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வீட்டுக்குள் இருந்தால் இரண்டு வாரம் மறந்துவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் இவற்றை மழையில் நனையாத இடத்துக்கு நகர்த்தி வைப்பது நல்லது. மணி பிளான்ட் இடைப்பட்ட ரகம், மேல் மண் காய்ந்தால் போதும்.

கீரைக்கு வேர் மேலாகவே ஓடும், அதனால் மேல் மண் காயவே விடக் கூடாது. கொஞ்சமாக, அடிக்கடி, பூவாளியில்.

தக்காளிக்கு அளவைவிட ஒழுங்கு முக்கியம். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். பெரும்பாலும் அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீர் சீராகப் போனால்தான் அது கூடவே பயணம் செய்யும்.

சில செடிகளுக்குக் கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கவே தோன்றும். காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள், பச்சைப் பசேலென்று இலையாக வளர்ந்து நிற்கும், பூ மட்டும் வராது. எலுமிச்சையையும் சில நாள் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சிப் பூக்கவைப்பார்கள். மல்லிகைக்குக் குளிர்காலத்தில் கவாத்து செய்வதற்கு முன் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள்.

தரையில் நட்டவற்றுக்கு இந்த அளவு பயம் வேண்டாம், வேர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். மண் மட்டும் வித்தியாசப்படும். கடற்கரை மணலில் ஊற்றியது உடனே இறங்கிவிடும், அடிக்கடி ஊற்ற வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஒரு தடவை குடித்தால் நாள் கணக்கில் வைத்திருக்கும். மரங்களுக்குத் தண்டை ஒட்டி ஊற்றுவது வீண். உறிஞ்சும் வேர்கள் தள்ளித்தான் இருக்கும். தென்னைக்கு மரத்திலிருந்து 6 அடி தூரத்துக்கு வட்டப் பாத்தி எடுப்பது அதற்காகத்தான். கோடையில் அந்தப் பாத்தியில் நான்கு நாளைக்கு ஒரு முறை 200 லிட்டர் என்பது ஒரு பரிந்துரை. மேலே மட்டையும் சருகும் பரப்பி மூடாக்குப் போட்டால் ஈரம் இன்னும் நாள் தாங்கும். தொட்டிக்கும் அதே மூடாக்கைச் சின்னதாகப் போடலாம், உதிர்ந்த இலையே போதும்.

எப்போது, எந்தத் தண்ணீர்?

காலை நேரம்தான் சிறந்தது. வெயில் ஏறுவதற்குள் செடி குடித்துக்கொள்ளும், இலையில் பட்ட ஈரமும் காய்ந்துவிடும். சாயந்திரம் ஊற்றுவதும் தப்பில்லை, இலையை நனைக்காமல் மண்ணில் ஊற்றினால் போதும். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மதியம் நீர்த்துளி கண்ணாடி வில்லை போல இலையைச் சுட்டுவிடும் என்று சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான ஆபத்து குழாயில் இருக்கிறது. மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். கையில் பிடித்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகு செடிப் பக்கம் திருப்புங்கள்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். குடிக்கவே லாரி பிடிக்கும்போது செடிக்கு எங்கே போவது? ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாத தண்ணீர், செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். ராத்திரி முழுக்க ஓடினால் சில லிட்டர் சேரும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரும் நல்லது, அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்து நாறும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம், அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து, அதுவும் அவ்வப்போது என்று வைத்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி அடி வழியாக ஓடவிட்டால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். அந்த வேலையை மழை இலவசமாகச் செய்யும் என்பதால், முதல் மழைக்குத் தொட்டிகளை வெளியே இழுத்து வைத்தால் லாபம். சோப்புத் தண்ணீர் மட்டும் தொட்டிப் பக்கமே வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் தேங்கும் சுத்தமான தண்ணீர்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ அறை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வழிந்த தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே மாதக் கணக்கில் காத்திருக்கும். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது செடியைவிட முக்கியம்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது, கிளம்பும் அவசரத்தில் தொட்டிகளை வெள்ளக்காடாக்கிவிட்டுப் போவது வழக்கம். ஒட்டகம் மாதிரிச் சேர்த்து வைத்துக்கொள்ளச் செடியால் முடியாது. தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி நெருக்கமாக வையுங்கள், பாதி தேவை குறைந்துவிடும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, ஒரு முனையைப் பக்கெட் தண்ணீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்து, பக்கெட்டைக் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் திரி தானே ஈரத்தைக் கடத்தும். தோட்டத்தில் என்றால் சுடுமண் பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைப்பது பழைய முறை. பானைச் சுவர் வழியே கசிவதை வேர் குடித்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர நாட்களில் சிவன் கோயில்களில் லிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாக விழவிடுவார்களே, அதே நிதானம்தான்.

மறுபடியும் மாடத்துக்கு

அந்த வீட்டுத் துளசியில் நுனித் தளிர் இன்னும் பச்சையாக இருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். மண்ணோடு மெதுவாகப் பெயர்த்தெடுத்து, வேர்க்கட்டியைப் பழைய செய்தித்தாள் மேல் அரை நாள் வைத்தால் ஈரத்தைத் தாள் இழுத்துக்கொள்ளும். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, வெள்ளையாக உறுதியாக இருப்பவற்றை மட்டும் விட்டு, மணல் கலந்த புது மண்ணில், ஓட்டையுள்ள தொட்டியில் நட வேண்டும். நட்டவுடன் மண் படிவதற்கு ஒரு முறை அளவாகத் தண்ணீர், அதற்குப் பிறகு விரல் சொன்னால்தான். நேர் வெயில் இல்லாத வெளிச்சத்தில் ஒரு வாரம், பிறகு பழைய இடம். தேறும்வரை உரம் போடக் கூடாது, புண்பட்ட வேருக்கு அது எரிச்சல்தான்.

தண்ணீரெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று வருடத்தில் துளசி முதிர்ந்து காய்ந்துபோவது உண்டு. அதன் ஆயுசு அவ்வளவுதான். கதிர் முற்றுவதற்குள் கிள்ளிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் தழைக்கும். கிள்ளாமல் விட்ட ஒன்றிரண்டு கதிரிலிருந்து விதை எடுத்துப் புதுக் கன்று போட்டுக்கொள்ளலாம்.

மார்கழி வந்தால் இன்னொரு சிக்கல். குளிரில் துளசியின் வளர்ச்சி குறையும், தண்ணீர்த் தேவையும் குறையும். வீட்டில் பூஜையோ அந்த மாதம்தான் கூடும். "துளசிக்குத் தண்ணி ஊத்தாதீங்க" என்று எழுபது வயதுப் பாட்டியிடம் யார் சொல்வது?

சொல்ல வேண்டாம். பூஜை சாமான்களோடு பஞ்சபாத்திரமும் உத்தரணியும் இருக்குமே, அதைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டால் போதும். காலையில் மூன்று உத்தரணி, மாலையில் மூன்று உத்தரணி, மனசும் நிறையும், மாடமும் நிறையாது. வாசல் பெருக்கும் அக்காவிடம் பக்கெட் தண்ணீரை வேப்ப மரத்துக்கு ஊற்றச் சொல்லலாம். சொம்பு மருமகள் பொறுப்பு. விரலை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டிய நாளில் மட்டும்.